கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வரி

என் அக்காவின் கணவர் குடிநீர் வாரியத்தில் புகார்த் தொலைபேசியை எடுத்துப் பேசும் வேலையில் இருந்தார். தண்ணீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது, நிற்காமல் வருகிறது என்று ஊரே அவரிடம் கத்தும். அவர் கத்தமாட்டார். "முதல்ல மெயின் வால்வை மூடுங்க. மூடிட்டீங்களா? சரி, இப்ப சொல்லுங்க" என்பார். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுக் குழாயைப் பற்றிச் சம்பளத்துக்குப் பேசுவார். மாலையில் வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு அடுத்தவர் வீட்டுக் கணினியைப் பற்றிச் சம்பளம் இல்லாமல் பேசுவார். இரண்டுக்கும் ஒரே குரல்தான். பெண் பார்க்க வந்த அன்று தன்னிடமும் அதே குரலில்தான் பேசினார், வால்வு மட்டும்தான் வரவில்லை என்று அக்கா சொல்வாள்.

கணினி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கே சமீபத்தில்தான் விளங்கியது, ஆகவே சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். கணினியைத் திறந்ததும் முதலில் எழுந்து உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் வேலை வாங்குகிற மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விலைக்கு விற்கிற இயங்குதளங்கள் உண்டு. அத்தான் சேர்ந்திருந்த கூட்டத்தினுடையது வேறு வகை. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருத்தலாம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வருடக்கணக்காக அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். அதனாலேயே, ஒன்றும் தெரியாதவருக்கு உட்கார்ந்து விளக்கு என்றால் அவர்களுக்கு வேப்பங்காய். புதிதாக வருபவர்களுக்கு வழிகாட்டிப் பக்கங்கள் எழுத ஒரு தனிக் குழு இருந்தது. தமிழ்ப் பக்கங்கள் அத்தான் பொறுப்பிலும் இன்னும் சிலர் பொறுப்பிலும் இருந்தன. அவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. சண்டையும் மின்னஞ்சலில், சமாதானமும் மின்னஞ்சலில்.

குழுவின் தலைவர் ஏதோ வெளிநாட்டில் இருந்த தமிழர். அத்தான் எழுதி அனுப்புகிற வாக்கியங்களின் ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தையை எழுதித் திருப்பி அனுப்புவார்: "தேவையா?" வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே தேவையா என்று ஆகிவிட்டது. "தேவையா மெயில் போட்டாரா?" என்று அக்கா கேட்பாள். பெரும்பாலும் அத்தான் விட்டுக்கொடுத்துவிடுவார், வாக்கியத்தையும் எடுத்துவிடுவார். ஒரு விஷயத்தில் மட்டும் குரங்குப்பிடி. பக்கத்தின் அடியில் "சிக்கல் வந்தால் அழைக்கவும்" என்று தன் கைபேசி எண்ணைப் போட்டிருந்தார். ஒவ்வொரு முறை பக்கம் புதுப்பிக்கப்படும்போதும் அதன் ஓரத்தில் "தேவையா?" என்று வரும். ஒவ்வொரு முறையும் அத்தான் "தேவை" என்று எழுதி அனுப்புவார்.

ஜனங்கள் அழைத்தார்கள். சாப்பிடும்போது அழைத்தார்கள், குளிக்கும்போது அழைத்தார்கள். அத்தான் ஒரு கையில் துண்டும் ஒரு கையில் கைபேசியுமாக நின்று, "பதறாதீங்க. திரையில என்ன எழுதியிருக்கு, அப்படியே படிங்க" என்பார். நான் அந்த இயங்குதளத்துக்கு மாறவே இல்லை, ஆனாலும் மற்ற எல்லோரையும்விட அதிகமாக அழைத்தது நான்தான். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் கன்னம் வீங்கியவர்களை வரிசையில் உட்கார வைப்பது என் தொழில். பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டில் மடிக்கணினி ஒரு கேள்வி கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், உடனே அத்தானைக் கூப்பிடுவேன். அதற்கும் வழிகாட்டி இருக்கும், படி என்றால், "அதான் நீங்க இருக்கீங்களே" என்பேன்.

வழிகாட்டியைப் பற்றிக் குழுவுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. ஆகவே அது பிரமாதமான வழிகாட்டி என்று எல்லோரும் நம்பினார்கள். தேவையா உட்பட.

பிறகு அத்தானுக்குத் தொண்டை கட்டியது. சளி என்றார்கள், ஏசி என்றார்கள், ஓயாமல் பேசினால் கட்டாமல் என்ன செய்யும் என்று அக்கா சொன்னாள். கட்டியது கட்டியபடியே இருந்தது. பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், குரல்வளையில் புற்று என்றும், குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், ஆனால் பேச்சு போய்விடும் என்றும் சொன்னார். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் கரகரத்த குரலில், "எப்போலேருந்து போன் எடுக்க முடியாது டாக்டர்?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கருவி வெச்சுப் பேசப் பழகலாம். நிறைய பேர் நல்லாவே பேசறாங்க."

"போன்ல கேக்குமா?"

மருத்துவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "இவர் இப்படித்தான் டாக்டர்" என்றாள். வெளியே வந்து மூலையில் நின்று இருவரும் அழுதோம், நானும் அக்காவும். அத்தான் மருந்துக் கடையின் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

அந்த மருத்துவமனைக்கு நடையாய் நடந்த நாள்களில் ஒரு நாள் கைபேசியை அணைத்துவைத்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் அடுத்த தெருத் தையல்கடைக்காரர் ஒருவர் கணினியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், நீங்க எழுதின பக்கத்தைப் பாத்துத்தான் செஞ்சேன். கம்ப்யூட்டரை அணைச்சுட்டு மறுபடி போடுங்கன்னு இருந்தது. அணைச்சேன். பக்கத்தைக் காணோம்."

"எந்தப் பக்கத்தை?"

"நீங்க எழுதின பக்கத்தைத்தான் சார். அதுலதானே படிச்சுட்டு இருந்தேன்? அடுத்து என்ன செய்யணும்னு அதுலதானே இருக்கு? உங்களுக்குப் போன் போட்டா எடுக்கலை."

அத்தானுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குப் புரியவில்லை, அக்காதான் சொன்னாள்: "ஏணியில ஏறச் சொல்லிட்டு ஏணியையே எடுத்திருக்காங்கடி." புது இயங்குதளத்தை எந்தக் கணினியில் போட வேண்டுமோ, அதே கணினியில்தான் மனிதர் வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருப்பதே ஒரு கணினிதான். மறுதொடக்கம் செய்ததும் வழிகாட்டியும் சேர்ந்து போய்விட்டது. எழுதியவர்கள் எல்லோரும் பக்கத்தில் இன்னொரு கணினியை வைத்துக்கொண்டு எழுதினவர்கள், சோதித்துப் பார்த்ததும் அப்படித்தான். ஆகவே இத்தனை வருடத்தில் ஒருத்தர் கண்ணிலும் இது படவில்லை. இதற்கு முன்னால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் கைபேசியில் அத்தானைப் பிடித்துவிட்டார்கள்.

தையல்கடைக்காரரின் கணினியை உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டு, அன்றே அத்தான் குழுவுக்கு எழுதினார். "நம் வழிகாட்டி இரண்டு கணினி வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஓட்டை இருந்த இடத்தில் எல்லாம் நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். இனிமேல் பேச முடியாது" என்று எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் சொன்னார். தேவையாவிடமிருந்து மறுநாள் பதில் வந்தது. "என்னிடம் மூன்று இருக்கின்றன. மன்னிக்கவும். வேண்டிய அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள்." அந்த ஆளுக்கு இத்தனை வார்த்தை தெரியும் என்பதே எங்களுக்குச் செய்தி.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் கொஞ்ச நாள்தான் இருந்தது. மற்றவர்களாக இருந்தால் சொந்தக்காரர்களைப் போய்ப் பார்ப்பார்கள், பிள்ளைகளுக்கு ஏதாவது பேசிப் பதிவு செய்து வைப்பார்கள். அத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வழிகாட்டியைத் திருத்தினார். யார் எந்த இடத்தில் கூப்பிட்டார்கள் என்று யோசித்து யோசித்து அந்த இடத்தைத் தோண்டினார். தோண்டிய இடத்தில் எல்லாம் ஒரே கோளாறு. செய்யச் சொல்வது முதலில் இருந்தது, செய்வதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது அதற்குக் கீழே "குறிப்பு" என்று பெட்டி கட்டி இருந்தது. கோப்புகளுக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்ற வரிகூட, கணினியின் சேமிப்பு வட்டை அழிக்கிற படிக்கு அடியில் பவ்யமாக உட்கார்ந்திருந்தது.

"போன்ல இதை நான் மாத்தித்தான் சொல்வேன்" என்றார் அத்தான். "வால்வை மூடச் சொல்லிட்டுத்தானே குழாயைக் கழட்டச் சொல்வோம்? எழுதும்போது மட்டும் எப்படித் தலைகீழா எழுதினேன்னு தெரியலை."

திருத்திய பக்கங்களை அக்காவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அவள் எங்கே புருவத்தைச் சுருக்குகிறாளோ அங்கே நிறுத்தி, திருத்தி, மறுபடி படிப்பார். தொண்டையை வருத்தக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. ஒரு நாள் அக்கா தாங்கமாட்டாமல் கத்திவிட்டாள்.

"இருக்கிற குரலையும் இதுக்கே கொட்டணுமா? எனக்குன்னு ரெண்டு வார்த்தை மிச்சம் வைக்க மாட்டீங்களா?"

அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். "இப்ப முகம் சுளிச்சது பக்கத்துக்காக இல்லைன்னு தெரியுது" என்றார். கணினியை மூடிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு என் வீட்டுக்குப் போய்விட்டேன். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லுகிறவளும் இல்லை என் அக்கா.

அறுவை அரங்கத்துக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா அவர் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. அத்தான் தலையைத் திருப்பினார், ஆனால் என் பக்கம்.

"உன் லேப்டாப்புல இருக்கறதையெல்லாம் நகல் எடுத்து வெச்சுடு. எடுத்தது திறக்குதான்னு பாரு. வந்ததும் உன்னை வெச்சுத்தான் சோதனை. உன்னைவிடத் தகுதியான ஆள் எனக்குக் கிடைக்காது."

கதவு மூடிக்கொண்டது. அவர் சொந்தக் குரலில் பேசியது அதுதான் கடைசி. "கட்டின பொண்டாட்டி நான் கையைப் பிடிச்சுட்டு நிக்கறேன், கடைசி வார்த்தை கொழுந்தியாளுக்கு" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள். இன்னும் அவள் அதை மன்னிக்கவில்லை.

பிழைத்து வந்தார். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு துணி, கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, எழுதி அழிக்கிற பேனா. வாரியத்தில் அவரைக் கோப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வழிகாட்டியிலிருந்து கைபேசி எண்ணை அவரே எடுத்துவிட்டார். வீடு அமைதியாகிவிட்டது. மேசையில் அந்தக் கைபேசி சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனை நாள் அது அலறியதற்குத் திட்டியிருப்போம்.

உடம்பு தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். படுக்கையறையில் மேசை, நாற்காலி, தாளில் அச்சிட்ட வழிகாட்டி எல்லாம் தயார். பலகையில் எழுதிக் காட்டினார்: "நான் ஹால்ல இருப்பேன். வர மாட்டேன். கூப்பிடாதே."

"வந்து மட்டும் என்ன சொல்லப் போறீங்களாம்?" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அக்கா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். அத்தான் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தம் இல்லாமல். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் வரியே, "இதை நீங்கள் மாற்றப்போகிற கணினியில் வைத்துப் படிக்காதீர்கள், அது நடுவில் உங்களைக் கைவிட்டுவிடும்" என்றிருந்தது. தையல்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். நகல் எடுத்தாயா என்று இரண்டாவது வரி கேட்டது. எடுத்திருந்தேன். புது இயங்குதளம் இருந்த பென் டிரைவைச் செருகச் சொன்னது, செருகினேன். அணைத்துப் போடச் சொன்னது, போட்டேன். "திரை கறுப்பாகும். வெள்ளை எழுத்துகள் ஓடும். நீங்கள் எதையும் உடைக்கவில்லை, காத்திருங்கள்" என்றது. எழுத்துகள் தலைதெறிக்க ஓடின. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

அப்புறம் அந்தத் திரை வந்தது. "இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?" தாளிலும் அதே திரையின் படம் இருந்தது, பக்கத்தின் அடியில். அதோடு தாள் முடிந்துவிட்டது.

என் கை பின்வாங்கிவிட்டது. அந்த வட்டில் ஒரு வீடியோ இருந்தது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான் ஒரு தடவை அத்தானை அழைத்து அரித்தபோது, அவர் நேரில் வந்து வாஷர் மாற்றிக் காட்டினார். அடுத்த தடவை தொந்தரவு செய்யாதே, இதைப் போட்டுப் பார்த்துக்கொள் என்று என்னையே படம் எடுக்கச் சொன்னார். அவர் குரல் எங்களிடம் அவ்வளவு நீளத்துக்கு இருப்பது அது ஒன்றில்தான். நகல் எடுத்திருந்தேன். ஆனால் திறக்கிறதா என்று பார்க்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை.

"அத்தான்!" என்று கத்தினேன்.

பழக்கதோஷம். ஒரு சத்தமும் வரவில்லை. எப்படி வரும்? அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். தாளை வெடுக்கென்று திருப்பினேன். அடுத்த தாளின் முதல் வரி இப்படி இருந்தது:

"இந்த இடத்தில் எல்லோரும் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டாம். இதுவரை எதுவும் அழியவில்லை. எடுத்த நகலை வேறு எதிலாவது செருகி, உங்களுக்கு முக்கியமான ஒரு கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். அதுவரை இந்தத் திரை காத்திருக்கும். அதற்கு வேறு வேலை இல்லை."

வரியைப் படித்தபோது எழுத்து தெரியவில்லை, குரல்தான் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகல் எடுத்துவைத்த பென் டிரைவை அந்த அறையில் இருந்த டிவியில் செருகினேன். தேடினேன். வீடியோ இருந்தது. அழுத்தினேன். டிவியின் சத்தத்தை யாரோ ஏகத்துக்கும் ஏற்றி வைத்திருந்திருக்கிறார்கள்.

"முதல்ல மெயின் வால்வை மூடு. மூடிட்டியா? சரி. இப்ப பயப்படாம திருகு" என்றார் அத்தான், வீடு அதிர.

ஹாலில் ஏதோ விழுந்தது. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் அத்தான் வந்து வாசற்படியிலேயே நின்றார். டிவியில் அத்தான் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு விளக்கிக்கொண்டே போனார். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வாஷர் மாற்றி முடிகிற வரைக்கும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் அக்கா, "இன்னொரு தடவை போடு" என்றாள். போட்டேன்.

அத்தான் எட்டி மடிக்கணினியின் திரையைப் பார்த்தார். அது இன்னும் காத்துக்கொண்டிருந்தது. விதிமுறை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், ஒன்றும் காட்டாமல் ஹாலுக்குப் போய்விட்டார்.

மீதியை நானே முடித்தேன். யாரையும் கூப்பிடவில்லை. புது இயங்குதளம் எழுந்து வந்து வணக்கம் சொன்னதும் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு ஹாலுக்குப் போனேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். பலகையை நீட்டினார். "எந்த இடத்துல கூப்பிட்டே?"

தாளைக் காட்டினேன். "ஆனா அத்தான், அடுத்த வரியிலேயே பதில் இருந்தது. நீங்க பக்கத்துல நின்னு சொன்ன மாதிரியே இருந்தது. இதைவிட என்ன வேணும்?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. அழித்துவிட்டு எழுதினார். "நீ கூப்பிட்டதுக்கு அப்புறம் வந்தது. முன்னாடி வரணும்."

நான் சமையலறைப் பக்கம் போனபோது அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீ கத்தினதும் எழுந்துட்டார்டி. வாயைத் திறந்துட்டார். அப்புறம்தான் ஞாபகம் வந்து உக்காந்தார்."

அன்றே அந்த வரியைப் படத்துக்கு மேலே ஏற்றிக் குழுவுக்கு அனுப்பினார். மறுநாள் நான் அங்கே இருந்தபோது தேவையாவின் பதில் வந்தது. ஆள் பழையபடி ஆகிவிட்டிருந்தார். மற்ற வரிகளை விட்டுவிட்டு, "இந்த இடத்தில் எல்லோரும் என்னைக் கூப்பிடுவார்கள்" என்பதன் ஓரத்தில் மட்டும் எழுதியிருந்தார்: "இப்போது பக்கத்தில் கைபேசி எண்ணே கிடையாது. தேவையா?"

அத்தான் பார்த்தார். நியாயம்தானே என்பது போல உதட்டைப் பிதுக்கிவிட்டு, வரியை எடுப்பதற்கு விசைப்பலகையை இழுத்தார். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் பெயரில் எழுதுவது சரியா தவறா என்றெல்லாம் யோசிக்கவில்லை. "தேவை. நான் இவருடைய கொழுந்தியாள். நேற்று இந்த இடத்தில் கூப்பிட்டேன்" என்று தட்டி அனுப்பிவிட்டேன்.

பதிலுக்கு "சரி" என்று மட்டும் வந்தது. வழிகாட்டியில் இப்போது எண் இல்லை. அந்த வரி இருக்கிறது, எல்லோரும் கூப்பிடுகிற இடத்துக்கு ஒரு படி முன்னால்.